ஆங்கில இறந்தகால வினைவடிவங்களைத் தெரிவு செய்தல்

ஆங்கில மொழியில் நடந்து முடிந்த ஒரு செயலைக் கூறுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வினைவடிவங்கள் உள்ளன. அவற்றுள் இடத்துக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்வது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்போர் அடிக்கடி இடறும் பகுதியாகும். தமிழில் இத்தகைய வடிவங்கள் இல்லாமையால் இவ்விடர் எழுவதாகச் சிலர் கருதுவர். உண்மை இதற்கு மாறானது. ஏறத்தாழ ஒத்த வடிவங்கள் தமிழிலும் உள்ளன. ஆனால் அவை வேறு எல்லைகளுக்குள் வழங்குகின்றன. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கும்போது பிழை நேர்வது இதனாலேயே.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களையும் அவற்றை இணைக்கும் சாலையையும் கொண்டு அமைந்துள்ளன.

வடிவங்கள்

'வந்தேன்' என்பதற்கு நிகரானது 'ஐ கேம்'. இது தனி இறந்தகாலம். 'வந்துகொண்டிருந்தேன்' என்பதற்கு 'ஐ வாஸ் கமிங்' என்னும் தொடர் இறந்தகாலம் நிகராகும். 'வந்திருக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் கம்'. 'வந்திருந்தேன்' என்பது 'ஐ ஹேட் கம்'.

இவற்றுள் 'ஐ ஹேவ் கம்' என்னும் வடிவத்தை ஆங்கில இலக்கணம் இறந்தகாலத்தில் சேர்ப்பதில்லை. நிறைவு நிகழ்காலம் என்றே வகைப்படுத்துகிறது. செயல் முடிந்துவிட்டது, ஆனால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது என்பது இதன் கருத்து. தமிழ் வடிவமும் இவ்வாறே அமைந்துள்ளது: 'வந்து' என்பது இறந்தகால வினையெச்சம், 'இருக்கிறேன்' என்பதில் உள்ளது நிகழ்கால இடைநிலை. இவ்வளவு நெருங்கிய ஒற்றுமையே கற்பவரை ஏமாற்றுகிறது.

காலக்குறிப்புச் சொற்கள்

முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் வந்தால் நிறைவு நிகழ்காலம் வரலாகாது என்பது ஆங்கிலத்தின் அடிப்படை விதி. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 1993' ஆகியவை அத்தகைய சொற்கள்.

தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் 1993 ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது. இதனை 'விழுப்புரம் டிஸ்ட்ரிக்ட் வாஸ் ஃபார்ம்ட் இன் 1993' என்றே எழுத வேண்டும். 'ஹேஸ் பீன் ஃபார்ம்ட் இன் 1993' என்பது வழு. ஆண்டைக் குறிப்பிடாமல், இன்றைய நிலையை விளக்கும் நோக்கில் 'த டிஸ்ட்ரிக்ட் ஹேஸ் பீன் டிவைடட் ஒன்ஸ்' என்று எழுதினால் அது சரி. 2019 ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதன் விளைவு இன்றும் நிலவுவதால் இவ்வடிவம் பொருந்துகிறது.

ஆண்டு குறிப்பிடப்படாவிட்டாலும், வாழ்ந்து மறைந்தவரின் செயல்களுக்குப் பொதுவாகத் தனி இறந்தகாலமே வரும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவரைப் பற்றி 'ஹீ சர்வ்ட்' என எழுதலாம். 'ஹீ ஹேஸ் சர்வ்ட்' என எழுதினால், அவர் இன்றும் பொதுவாழ்வில் இருப்பதாகப் படிப்பவர் கொள்வார்.

'திஸ் மார்னிங்' போன்ற சொற்கள் பேசும் நேரத்தைப் பொறுத்தவை. காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' எனலாம். மாலை நான்கு மணிக்கு 'ஐ சா ஹிம் திஸ் மார்னிங்' என்பதே முறை.

கால அளவைக் கூறும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 'ஷீ லிவ்ட் இன் திண்டிவனம் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் அவர் இப்போது அங்கில்லை. 'ஷீ ஹேஸ் லிவ்ட்' என்றால் இன்றும் அங்கே வாழ்கிறார். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என எழுதியவர் அவ்வேலையை விட்டுவிட்டவராகவே கொள்ளப்படுவார். தமிழில் 'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என நிகழ்காலத்தில் கூறுவதால், 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்னும் தொடர் பலரிடம் வழங்குகிறது. சரியான தொடர் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதாகும். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியையும் 'ஃபார்' நீளத்தையும் குறிக்கும்.

தமிழ் வழக்கின் தாக்கம்

காலையில் எழுந்து ஈரமான தெருவைப் பார்ப்பவர் 'இரவு மழை பெய்திருக்கிறது' என்பார். மழையை அவர் காணவில்லை. தடயத்தைக் கொண்டு உணர்கிறார். தமிழில் 'இருக்கிறது' என்னும் துணைவினைக்கு இந்த ஊகப் பொருளும் உண்டு. ஆதலால் 'நேற்று வந்திருக்கிறார்', 'போன வாரமே கடிதம் போட்டிருக்கிறார்' என்று காலக்குறிப்புடன் கூறுவது தமிழில் முற்றிலும் இயல்பு. ஆங்கில நிறைவு நிகழ்காலத்துக்கு இப்பொருள் இல்லை. 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்பது வழு; ஊகமெனில் 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று எழுத வேண்டும்.

அடுத்தது 'ஹேட்' என்னும் துணைவினை. 'போன வாரம் விழுப்புரம் போயிருந்தேன்' என்பது சென்று திரும்பியதைக் கூறும் நல்ல தமிழ். இதனை அப்படியே பெயர்த்து 'ஐ ஹேட் கான் டு விழுப்புரம் லாஸ்ட் வீக்' என்பது இந்தியர் ஆங்கிலத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கு. பிரித்தானிய, அமெரிக்க வாசகர்கள் இதைப் படித்ததும், 'அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என அடுத்த நிகழ்வை எதிர்பார்ப்பர். பின்னர் நடந்த வேறொரு நிகழ்வு சொல்லப்படும்போதோ சூழலிலிருந்து புலப்படும்போதோதான் 'ஹேட்' வரும். தனித்து நின்றால் 'ஐ வென்ட்' போதும். நெடுங்காலத்துக்கு முன் நடந்தது என்பதற்காகவும் 'ஹேட்' இட வேண்டியதில்லை.

மூன்றாவது, விரைவைப் பற்றியது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நிற்கும்போதே, திண்டிவனத்தில் காத்திருப்பவரிடம் தொலைபேசியில் 'இதோ வந்துட்டேன்' என்பது அன்றாடப் பேச்சு. இதைத் தமிழ் இலக்கணம் பொய்யெனக் கொள்ளவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் காலம் மாறி வருவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இது கால வழுவமைதி எனப்படும். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்றால் பேசுபவர் கேட்பவரின் இடத்தில் நிற்க வேண்டும். இங்கு 'ஐ ஆம் கமிங்' என்பதே பொருந்தும்.

முன்பின் நிகழ்வுகள்

இரு நிகழ்வுகளுள் எது முன்னது என்பதை வினைவடிவமே காட்டும் இடங்களில் தெரிவு தவறினால் செய்தியே மாறிவிடும். 'வென் வீ ரீச்ட் திண்டிவனம், த பஸ் லெஃப்ட்' என்றால், சென்றடைந்தபின் கண்முன்னே பேருந்து புறப்பட்டது. 'த பஸ் ஹேட் லெஃப்ட்' என்றால் சென்றடையும் முன்பே போய்விட்டது.

விபத்து குறித்த வாக்குமூலமும் இழப்பீட்டு விண்ணப்பமும் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது இது சிறு வேறுபாடாக இராது. சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையைக் கடந்த ஒருவர் மீது லாரி மோதியதாகக் கொள்வோம். 'ஐ வாஸ் கிராசிங் த ரோட் வென் த லாரி ஹிட் மீ' என்றால் அவர் சாலையின் நடுவே இருந்தார். 'ஐ ஹேட் கிராஸ்ட் த ரோட் வென் த லாரி ஹிட் மீ' என்றால் கடந்து முடித்துவிட்டார். லாரி சாலையின் ஓரத்துக்கு வந்து மோதியது. 'ஐ கிராஸ்ட் த ரோட் வென் த லாரி ஹிட் மீ' என்றால், மோதிய பின்னரே கடந்ததாகப் பொருள்பட்டுவிடும். யார் மீது தவறு என்ற வினாவுக்கு இம்மூன்றும் வெவ்வேறு விடை தருகின்றன.

'ஆஃப்டர்', 'பிஃபோர்' ஆகிய சொற்கள் வரிசையைத் தாமே காட்டிவிடுவதால், அவை வருமிடத்தில் 'ஹேட்' கட்டாயமில்லை.

எதிர்மறையும் வினாவும்

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது மாணவர் விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை. 'டிட்' என்பதே இறந்தகாலத்தைச் சுமப்பதால், அடுத்து வரும் வினை மாறாத வடிவில் 'கோ' என நிற்க வேண்டும். 'டிட் யூ கோ' என்னும் வினாவும் அவ்வாறே. தமிழிலும் 'போனேன்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனவில்லை' என யாரும் கூறுவதில்லை. இதை ஒருமுறை கவனித்தவர் ஆங்கில விதியை எளிதில் நினைவில் கொள்வர்.

பிற குறிப்புகள்

வழக்கமாக நடந்து இப்போது நின்றுபோனவற்றுக்கு 'யூஸ்ட் டு' பயன்படும். விழுப்புரம் வழியாக முன்னர் மீட்டர் பாதைத் தொடருந்துகள் ஓடின என்பதை 'மீட்டர் கேஜ் ட்ரெயின்ஸ் யூஸ்ட் டு ரன் த்ரூ விழுப்புரம்' எனலாம்.

இந்தியப் பாடநூல்கள் பெரிதும் பிரித்தானிய மரபைப் பின்பற்றுகின்றன. அம்மரபில் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' ஆகிய சொற்களுடன் நிறைவு நிகழ்காலம் வரும். அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்பதும் இயல்பான வழக்கே. எனவே திரைப்படங்களில் அதைக் கேட்பவர் பிழையெனக் கொள்ள வேண்டியதில்லை. செருமன் மொழியில் 'நேற்று' என்பதற்கு இணையான சொல்லுடன் நிறைவு வடிவம் தாராளமாக வருவதால், செருமானியரும் ஆங்கிலம் கற்கும்போது தமிழரைப் போலவே இவ்விடத்தில் தவறுகின்றனர்.