சிவப்பில் தொலைந்த ஈ

தேக்கா சந்தையின் உணவங்காடியில்தான் அந்தப் பென்டிரைவ் என் கைக்கு வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வாசகர் குழு நடத்திய வலைப்பக்கம். "யூனிகோடுக்கு மாத்திக் குடுங்க தம்பி" என்றார், அன்று அதைத் தட்டச்சு செய்த பெரியவர்.

திரையில் தெரிந்ததை அப்படியே நகலெடுத்து மாற்றினேன். ஒரு கவிதைக்குத் தலைப்பே இல்லை. கவிதை முழுக்கச் சிவப்பு. 'தலைப்பில்லாதது' என்று குறித்துக்கொண்டேன். பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குப் பேரு 'ஈரம்'. அப்பவே காணாமப் போச்சு. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சேன். எழுதினவரும் இப்ப இல்ல."

1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையமேறியது. அதில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இரண்டும் ஒரே வயது.

பழைய ஜாவாஸ்கிரிப்டில் போல்ட், பிளிங்க், ஃபான்ட்சைஸ், ஃபான்ட்கலர் என்று சில வசதிகள் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைச் சுற்றி எச்டிஎம்எல் டேக் போட்டுத் தரும். நிறத்துக்கும் அளவுக்கும் வழி இருந்தது. எழுத்துருவின் பெயரைச் சொல்ல மட்டும் வழியில்லை. யூனிகோடு பரவாத அந்நாளில் நமக்கு வேண்டியதோ அதுதான்!

பக்கத்தின் மூலநிரலைத் திறந்தேன். பாமினி எழுத்துரு. தலைப்புக்கு ஃபான்ட்கலர், சிவப்பு. சிக்கல் புரிந்துவிட்டது. பாமினியில் 'ஈ' உட்கார்ந்திருப்பது 'விடச் சிறியது' என்னும் கணிதக் குறியின் இடத்தில். எச்டிஎம்எல்லில் டேக் தொடங்குவதும் அதே குறியில். ஃபான்ட்கலரோ உள்ளே வரும் எழுத்தைச் சோதிக்காமல் அப்படியே வைத்துவிடும். உலாவி 'ஈரம்' என்பதைத் தெரியாத டேக் என்று விழுங்கியது; கூடவே சிவப்பை முடிக்கும் குறியையும் விழுங்கியது. நிறம் கவிதைக்குள் வழிந்தது.

2015இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரம் இவற்றைப் பிற்சேர்க்கைக்குத் தள்ளியது. புதிதாக எழுதுகிறவர்கள் தொடக்கூடாது. நிறம் சிஎஸ்எஸ்ஸின் வேலை. சொல்லை டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வைத்தால் எந்தக் குறியும் டேக் ஆகாது. ஆனாலும் உலாவிகள் அவற்றை நீக்கவில்லை. நீக்கினால் இதுபோன்ற பழைய பக்கங்கள் ஓடாது.

பழைய பக்கங்களைக் காப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: திரையை நம்பாதீர்கள், மூலநிரலைச் சேமியுங்கள். அங்கே 'ஈரம்' இத்தனை வருஷமும் அப்படியே இருந்தது. பெரியவர் சரியாகத்தான் அடித்திருந்தார்.