முட்டைச் சண்டையும் ஓர் அட்டையும்

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட 'கல்லிவரின் பயணங்கள்' நூலில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக இரு நாடுகள் போரிடுகின்றன. சமயப் பூசலைப் பகடி செய்த அந்த அத்தியாயம் பின்னாளில் கணினித் துறைக்கும் ஒரு கலைச்சொல்லை ஈந்தது. ஓர் எண்ணை நினைவகத்தில் பெரிய முனையிலிருந்து எழுதுவதா, சிறிய முனையிலிருந்தா என்ற பிணக்குக்கு 1980-இல் டேனி கோஹன் 'எண்டியன்' என்று பெயரிட்டார்.

இந்தச் சண்டை நடைமுறையில் சூடுபிடித்தது தொண்ணூறுகளில். 1992-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ இணைப்பு, பிசிக்களோடு நிற்கவில்லை. டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா, ஆப்பிளின் பவர் மேக்கின்டோஷ், சன் பணிநிலையங்கள் என எங்கும் அது பரவியது. பிசிக்கென விற்ற மலிவான அட்டை அவற்றிலும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதேயன்றி, பேசவில்லை.

தடைகள் இரண்டு. பிசிஐ சிறிய முனைக் கட்சி. பவர்பிசியும் ஸ்பார்க்கும் அன்று பெரிய முனைக் கட்சி. நான்கு பைட்டில் எழுதிய 1 என்ற எண்ணைத் தலைகீழாகப் படித்தால் 1,67,77,216 என்றாகிவிடும். அடுத்து, கிராஃபிக்ஸ் அட்டையைத் துயிலெழுப்பும் நிரல் அதன் சில்லிலேயே இன்டெல் செயலியின் மொழியில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆப்பிளும் சன்னும் 'ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற வேறொரு மரபைப் பின்பற்றியதால், அவற்றுக்கென அதே அட்டையின் தனிப் பதிப்புகள் வெளிவந்தன.

டிஜிட்டல் வேறு வழி கண்டது. ஆல்ஃபாவின் தொடக்க நிரலுக்குள் இன்டெல் மொழியறிந்த ஒரு துபாஷியை அமர்த்தியது. இன்டெல் செயலியைப் போலவே நடிக்கும் அந்த நிரல், அட்டையின் கட்டளைகளை வரிவரியாக நிறைவேற்றியது. எக்ஸ்ஃப்ரீ86 வரைகலை அமைப்பும் 2000-இல் தன் நான்காம் பதிப்பில் அத்தகைய ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

முனைப் பிணக்கை லினக்ஸ் தீர்த்துவைத்தது. 1994-இல் டிஜிட்டலின் ஜான் ஹால் முயன்று லினஸ் டோர்வால்ட்ஸுக்கு ஓர் ஆல்ஃபா கணினி கிடைக்கச் செய்தார். 1995-இல் வந்த லினக்ஸ் 1.2 அதில் இயங்கியது. அட்டையோடு நேரடியாகப் பேசாமல், சில பொதுச் செயற்கூறுகள் வழியாகவே பேச வேண்டும் என்ற ஒழுங்கு மெல்ல நிலைபெற்றது. தேவையான இடத்தில் எண்ணைத் திருப்பிப் போடுவது அவற்றின் பொறுப்பு. மூலநிரல் திறந்திருந்ததால், பிசிக்காக எழுதப்பட்ட இயக்கியைத் திருத்தி எந்தக் கணினியின் பயனரும் திருப்பி அனுப்ப முடிந்தது.

டிஜிட்டலை 1998-இல் காம்பேக் வாங்கியது. ஆல்ஃபாவும் பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும் 2003-இல் ஏஎம்டியின் ஆப்டரான் 64-பிட் கணிமையைப் பிசி உலகுக்குக் கொணர்ந்தபோது, லினக்ஸுக்கு அது புதிதல்ல. 64-பிட் ஆல்ஃபாவில் அடிபட்டுத் தேறிய அனுபவம் இருந்தது. ரிஸ்க்-ஃபைவ் செயலி பூண்ட ஹைஃபைவ் அன்மேட்ச்ட் பலகையில் இன்று ரேடியான் அட்டையைச் செருகினால் லினக்ஸ் திரையில் படம் தெரிகிறது. அதன் இயக்கி இன்டெல் செயலியை எதிர்பார்த்து எழுதப்பட்டதல்ல. வழக்கொழிந்த கணினிகளைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு சிறு கூட்டம் ஒவ்வொரு வரியாகத் திருத்தியதன் பயன் அது.