பொமொடோரோ முறை
பொமொடோரோ முறை என்பது, வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தைக் கடப்பதற்காக, நேரத்தை 25 நிமிடத் துண்டுகளாகப் பகுத்துக்கொண்டு உழைக்கும் ஓர் ஒழுங்குமுறையாகும். 1980களின் இறுதியில், பாடத்தில் மனம் நிலைக்காமல் தவித்த இத்தாலியப் பல்கலைக்கழக மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இது உருவாயிற்று. இத்தாலிய மொழியில் ‘பொமொடோரோ’ என்றால் தக்காளி. ஒரு துண்டு முடிந்து மணி ஒலித்ததும் 5 நிமிடமும், நான்கு துண்டுகளுக்குப் பின் 15 முதல் 30 நிமிடம் வரையும் ஓய்வு கொள்ளப்படும். துண்டைப் பாதியாகக் கணக்கிடுவதில்லை என்பதே இதன் கடுமையான விதி: இடையில் வேலையை விட்டெழுந்தால் அந்தத் துண்டு செல்லாது. தேநீர் குடித்து வரலாமே என்பது போல உள்ளேயே எழும் சபலத்துக்குத் தாளில் ஒரு மேற்குறியும், பிறர் அழைப்பதால் நேரும் குறுக்கீட்டுக்கு ஒரு சிறு கோடும் இட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டும். நாள் முடிவில் தாளை நோக்கினால், குற்றம் பெரும்பாலும் யாருடையது என்பது தெரிந்துவிடும் (அது எல்லோருக்கும் உவப்பாக இருப்பதில்லை). ஏழு துண்டுகளுக்கு மேல் பிடிக்கும் பணி சிறு பணிகளாகப் பிரிக்கப்படும். எழுத்து, நிரலாக்கம் போன்று ஆழ்ந்த பின்னரே கைகூடும் வேலைகளில் மணியோசையே இடையூறாகிவிடுவதுண்டு என்பதால், துண்டின் நீளத்தைத் தம் போக்குக்கேற்ப மாற்றிக்கொள்வோரும் உளர்.