மண்ணுக்குள் ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?



நான் கனடாவில் பிறந்தவன். சில வருடங்களுக்கு முன் அம்மம்மாவின் காணியைப் பார்க்க முகமாலைக்குப் போனேன். உள்ளே விடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. அப்பால் முகக்கவசம் அணிந்த பெண்கள் முழங்காலில் இருந்து மண்ணை மெல்லச் சுரண்டினார்கள்.

"ஏன் மாமா இவ்வளவு ஆறுதலாய்ச் செய்யினம்?"

"கருவி கத்தினால் அது ஆணியோ மிதிவெடியோ எண்டு தெரியாது தம்பி. எல்லாத்தையும் வெடி எண்டு நினைச்சுத்தான் தோண்ட வேணும்."

நான் பொறியியல் படித்தவன். திரும்பி வந்ததும் அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1881 ஜூலை 2இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே அப்போது இல்லை. தொலைபேசியால் புகழ்பெற்ற கிரஹாம் பெல் ஒரு கருவி செய்தார். மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளின் அருகே உலோகம் வந்தால் காந்தப்புலம் மாறும். காதில் ஒலி கேட்கும். இரண்டு முறை தேடியும் குண்டு அகப்படவில்லை. மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. மெத்தையின் இரும்புச் சுருள்களும் கருவியைக் குழப்பியதாகச் சொல்வார்கள். செப்டம்பர் 19இல் கார்ஃபீல்ட் இறந்தார்.

இரண்டாம் உலகப்போரில், ஸ்கொட்லாந்தில் இருந்த போலந்துப் பொறியியலாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி கையில் தூக்கிச் செல்லும் மிதிவெடி காட்டியை உருவாக்கினார். 1942இல் எகிப்தின் எல் அலமைன் போருக்கு 500 கருவிகள் போயின. அவர் காப்புரிமை எடுக்காமல் பிரித்தானிய இராணுவத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஆனால் வெடி செய்பவர்கள் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். உள்ளே துளி உலோகம்தான். அதைக் கேட்கும் அளவுக்குக் கருவியைக் கூர்மையாக்கினால், ஒவ்வொரு ஆணிக்கும் கத்தும்!

இன்னொரு வழி இருந்தது. 1904இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹுல்ஸ்மையர், வானொலி அலை கப்பலில் பட்டுத் திரும்புவதை வைத்து அது வருவதைக் காட்டினார். ராடாரின் தொடக்கம் அது. அதே போன்ற அலையை மண்ணுக்குள் அனுப்பினால், வேறு பொருளில் படும்போது சிதறி, ஒரு பகுதி திரும்பி வரும். அந்தப் பொருள் உலோகமாக இருக்கத் தேவையில்லை. மண்ணிலிருந்து வேறுபட்டாலே போதும். திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தையும் கணிக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சின்னப் பொருளைக் காண அலைநீளம் குறைய வேண்டும். ஆனால் குறுகிய அலை ஈரமண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நல்லவேளை, மிதிவெடி பெரும்பாலும் சில சென்ரிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கும். அதனால் உலோகங்காட்டியையும் ராடாரையும் ஒரே தடியில் பொருத்திக் கம்போடியாவில் பயன்படுத்தினார்கள். உலோகம் கேட்டும் ராடாரில் ஒன்றும் தெரியாவிட்டால், அது பெரும்பாலும் ஆணித்துண்டு. அதைத் தோண்டும் நேரம் மிச்சம்.

அம்மம்மா இப்போதும் தொலைபேசியில் முதலில் கேட்பது, "காணி விட்டாச்சோ?" என்றுதான். உங்கள் வீட்டு அம்மம்மா, அப்பப்பாவிடமும் அவர்களுடைய காணி எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.