சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் படைக்கப்பட்ட உரை)

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் ஒரு கோரிக்கைப் பட்டியலை முன்வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது. சங்கம் அமைக்க அனுமதி வேண்டும். இவற்றுக்கு நடுவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால், பாட்டாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும்.

சம்பளத்துக்கும் கல்விக்கும் பக்கத்தில் சைக்கிளை ஏன் வைத்தார்கள்? இன்று படிப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்றைய தோட்ட வாழ்க்கையை அறிந்தால் அதன் கனம் புரியும்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் செல்லும் கடலோரச் சாலையின் இருபுறமும், உள்ளே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும் தோட்டங்கள் பரவியிருந்தன. பெயரிலேயே தமிழைத் தாங்கிய தென்னமரம் தோட்டமும் இங்குதான் உள்ளது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது அந்த மண்ணில்தான். ரப்பரும் செம்பனையும் கப்பலேறி உலகைச் சுற்றின. அவற்றை விளைவித்த மனிதர்களோ தோட்ட எல்லையைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. லயத்திலிருந்து பிரட்டுக் களம், அங்கிருந்து மரம், மரத்திலிருந்து பால் கொட்டகை. நடந்து போகிற கால்களுக்கு உலகம் அவ்வளவுதான். தோட்டத்துச் சாலை தோட்டத்துக்கே சொந்தம். யார் வரலாம், யார் போகலாம் என்பதை நிர்வாகமே முடிவு செய்தது.

அந்த வேலிக்குள் முதல் ஓட்டையைப் போட்டது சைக்கிள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு சைக்கிள் வாங்கியவனுக்குப் பக்கத்துத் தோட்டம் அரை மணி நேரத் தொலைவானது. பட்டணம் எட்டும் இடமானது. செய்தித்தாள் கைக்கு வந்தது. கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடிந்தது. சொந்த உழைப்பில் வாங்கிய அந்த வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, அவன் தலை துரையின் தலைக்குச் சமமான உயரத்தில் இருந்தது. இறங்கி நில் என்று சொன்னவர்களுக்கு உறுத்தியது அந்த உயரம்தான்.

போராட்டம் பல தோட்டங்களுக்குப் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச்.நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பெருகியது. இராணுவம் வரவழைக்கப்பட்டது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் கைதாகினர். சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற சொல்லுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட விலை இது.

அதே ஆண்டு டிசம்பரில் வரலாறு ஒரு பாடம் நடத்தியது. மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் வந்தார்கள். 1942 ஜனவரி முதல் வாரத்தில் கோல சிலாங்கூர்க் கரையையும் சாலைகளையும் தாக்கினார்கள். ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. சில மாதங்களுக்கு முன் பாட்டாளியைச் சைக்கிளிலிருந்து இறக்கிய துரைமார்கள், சைக்கிளில் வந்த படைக்கு முன்னால் ஓடிப்போனார்கள். தொடர்ந்து வந்த ஜப்பானிய ஆட்சியில் நம்மவர் பட்ட துயரம் தனிக்கதை. ஆனால் துரையின் உயரம் அதன்பின் பழையபடி ஆகவே இல்லை.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. இறங்கி நிற்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. அதன்பிறகு நெடுங்காலம் சைக்கிள்தான் தோட்டக் குடும்பத்தின் வாகனம். பால் வாளியைச் சுமந்தது அதுவே. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோனதும் அதுவே. நோயாளியைப் பின்னால் உட்காரவைத்து மருந்தகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அதுவே. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தபோது, கார் எட்டாக் கனி அல்ல என்ற நிலை பிறந்தது. மூன்று தலைமுறை நடந்த கால்கள் காரில் ஏறியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் தாமான்களுக்குச் சிதறினார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளியும் கோயிலும் மளிகைக் கடையும் விலகிப்போயின. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. 2011இல் ஈஜோக்கையும் டெம்ப்ளர் பார்க்கையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. கோலாலம்பூர் நெருங்கி வந்தது, கார் உள்ளவர்களுக்கு. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையிலோ செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஓரத்தில் ஒரு முழம் இடமில்லை.

இன்று இறங்கி நில் என்று யாரும் அதட்டுவதில்லை. சாலையே சொல்லிவிடுகிறது. இறங்கி நிற்பவர்கள் யார்? மகன் காரில் வேலைக்குப் போனபின் மருந்தகத்துக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. லைசென்ஸ் இல்லாத தாய். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குத் தனியாகப் போக முடியாத பிள்ளை. கார்த் தவணையைக் கட்ட முடியாத தொழிலாளி. மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காருக்காகப் போட்ட சாலையில் கார் இல்லாதவனே அதிகம் சாகிறான்.

இதை மாற்ற முடியுமா? மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று பலர் நினைக்கிறார்கள். 1950, 60களில் அங்கும் காரே ஆட்சி செய்தது. 1971இல் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகே தனிச் சைக்கிள் பாதைகள் நாடெங்கும் பெருகின.

அது பணக்கார நாடு என்று சொல்பவர்கள் புதுக்கோட்டையைப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதன் ஓர் அங்கமாக்கினார். கேலி பேச்சைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிகளும் கல்லுடைக்கும் பெண்களும் பேருந்துக்காகவோ அண்ணன் தம்பிக்காகவோ காத்திருக்காமல் போய்வந்தார்கள். கிள்ளான் பாட்டாளி 1941இல் கேட்டதையே அவர்களும் வேறு மொழியில் கேட்டார்கள் எனலாம்.

கோல சிலாங்கூரில் வெயிலும் மழையும் உண்டே என்று கேட்கலாம். நம் தாத்தாக்கள் காலத்திலும் அதே வெயில்தான், அதே மழைதான். அன்று இருந்து இன்று இல்லாதது நிழலும் பாதுகாப்பான ஓரமும். கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட நாடு இது. தாமானிலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும், மூன்று கிலோமீட்டருக்குள், மரநிழலோடு ஒரு சைக்கிள் பாதை போட முடியாதா? சிலாங்கூர் மாநில அரசு 2015இல் இலவசப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. அப்படிப்பட்ட பேருந்து வந்து நிற்கும் இடம்வரை முதியவர் நடந்துபோக நடைபாதையும், சக்கர நாற்காலி ஏறச் சரிவும் வேண்டாமா? நகராண்மைக் கழகத்திடம் இதைக் கேட்பது சலுகையல்ல. வரி கட்டுபவரின் உரிமை.

கேட்பதற்கு முன் நம் சமுதாயமும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அரைக் கிலோமீட்டரில் இருக்கும் கடைக்கும் காரை எடுக்கிறோம். சைக்கிளில் போகிறவரைக் கண்டால், 'பாவம், வசதியில்லை போலிருக்கிறது' என்கிறோம். நம் பாட்டன்மார்கள் எதைப் பெருமையாக நினைத்து அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்களோ, அதையே நாம் இழிவாக நினைக்கிறோம். அன்று துரைக்காக இறங்கச் சொன்னார்கள், மறுத்தோம். இன்று யாரும் சொல்லாமலேயே அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்காக இறங்கிவிட்டோம்.

காரை விற்றுவிட வேண்டும் என்பதில்லை. தூரப் பயணத்துக்குக் கார் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பதற்குச் சைக்கிளும் நடையும் பேருந்தும் போதும் என்ற நிலை வரட்டும். பாட்டாளி அன்று கேட்டது ஆடம்பரமல்ல. யாருக்கும் இறங்கி நிற்காமல் தன் வழியில் போகும் உரிமை. அந்தக் கோரிக்கை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.