நல்லமிளகும் கஞ்சகமும்: மிளகாய்க்கு முந்தைய மீன்குழம்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுக்க வாசியுங்கள். மற்றவர்கள் நடுவில் உள்ள சமையல் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் குமரி மாவட்டத்தில் மிளகுக்கு 'நல்லமிளகு' என்று பெயர். வெறுமனே 'மொளவு' என்றால் பழைய ஆட்களின் பேச்சில் அது வத்தலைத்தான் குறிக்கும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அப்படியென்றால் கெட்ட மிளகு எது டீச்சர்?" என்பார்கள். கேள்வி சரியான கேள்விதான். பின்னால் வந்த ஒன்று வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டது. அதனால் வீட்டுக்காரருக்கு முன்னால் 'நல்ல' என்று ஓர் அடைமொழி போட வேண்டியதாயிற்று. 'மிளகாய்' என்ற சொல்லும் அப்படி வந்ததுதானே: மிளகைப் போல உறைக்கும் காய்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா 1498 மே மாதம் கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கியது மிளகைத் தேடி. 1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்கள் வழியாகத்தான் மிளகாய் இந்தக் கரைக்கு வந்து பரவியது. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகாயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்! தக்காளியும் அதே கண்டத்துப் பொருள்தான், அதுவும் நம் அடுப்படிக்குப் பின்னால் வந்ததே. ஆக, இன்று சிவக்கச் சிவக்க வைத்து 'பாரம்பரிய மீன்குழம்பு' என்று சொல்கிறோமே, அந்தச் சிவப்புக்கு வயது அதிகம் போனால் 500 ஆண்டு.

அப்படியானால் அதற்கு முன்னால் மீன்குழம்பு இல்லையா? இருந்தது. சாட்சி அகநானூற்றில் இருக்கிறது, 60ஆம் பாட்டு. பாடியவர் குடவாயிற் கீரத்தனார். சேரனுடைய தொண்டித் துறைமுகத்தைச் சொல்ல வந்தவர், ஒரு பரதவர் வீட்டைக் காட்டுகிறார். அப்பா படகில் போய் வலை வீசி வேலையாக இருக்கிறார். சின்ன மகள் அவருக்குச் சோறு கொண்டுபோகிறாள். உப்பை விற்று வாங்கிய நெல்லில் வடித்த வெள்ளைச் சோறு. அதன்மேல் அயிலை மீன் போட்ட புளிக்குழம்பு. கூடவே கொழுத்த மீன் துண்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முந்தைய சாப்பாடு இது. அயிலை என்ற பெயரை எங்கள் கடற்கரையில் இன்றும் மாற்றவில்லை. மற்ற மாவட்டத்தார் கானாங்கெளுத்தி என்பீர்களே, அதுதான்.

அந்தப் புளி எந்தப் புளி என்பதில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தொண்டி மேற்குக் கரை ஊர். குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம். இன்றும் குமரியிலும் கேரளத்திலும் மீனுக்கென்றால் முதலில் கை போவது குடம்புளிக்குத்தான். சோறு கொண்டுபோன அந்தப் பெண்ணின் சட்டியிலும் அதுவே கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். புலவர் பட்டம் பெற்றவர்கள் மறுக்கலாம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியர்தான், ஆனால் நாற்பது வருடமாக மீன்சட்டி வைக்கிறேன்.

இந்தப் பாட்டை நான் வகுப்பில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளியொன்றில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் மதியம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தூக்குப்பாத்திரத்தைத் திறந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். "உங்க மேல கடல் வாடை அடிக்குது" என்று ஓர் ஆசிரியரே சொன்னதை என் காதால் கேட்டேன். மறுநாள் ஆறாம் வகுப்பில் பாடத்தை மூடி வைத்துவிட்டு, தொண்டித் துறைமுகத்துப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள். பாட்டில் பெயர் இல்லை, சின்ன மகள் என்றுதான் இருக்கிறது என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து, "எங்க பாட்டியும் எங்க தாத்தாவுக்கு இப்படித்தான் கரைக்குச் சோறு கொண்டுபோவாங்களாம் டீச்சர்" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி.

சரி, உறைப்புக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? மிளகுதான். சங்கத் தமிழில் மிளகுக்குப் பெயர் 'கறி'. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு 149 சொல்கிறது. அந்த ஊர் முசிறி. போன மிளகு ரோமில் என்ன விலைக்கு விற்றது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார்: கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரி. கொடிக்கு இத்தனை காசா என்று புலம்பலும் உண்டு. கி.பி. 408இல் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது கேட்டு வாங்கிய பொருள்களில் 3000 ராத்தல் மிளகும் ஒன்று. அவ்வளவு மதிப்புள்ள சாமான் எங்கள் பக்கத்து வீடுகளில் பலாமரத்தில் சும்மா ஏறிக் கிடக்கிறது.

கறிவேப்பிலையும் அதே வயதுதான். பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயை வெண்ணெயில் வதக்கி, மிளகுப்பொடி தூவி, ஓர் இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள். அந்த இலைக்கு அங்கே பெயர் 'கஞ்சகம்'. உரைகாரர்கள் அதைக் கறிவேம்பு என்கிறார்கள். எவ்வளவு அழகான பெயர், எப்படியோ விட்டுவிட்டோம். அதன் தாவரவியல் பெயரில் இருப்பது கேனிக் என்ற மருத்துவரின் பெயர். லின்னேயஸின் மாணவர், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். நம் கொல்லைப்புற மரத்துக்கு உலகப் பதிவேட்டில் அவர் பெயர்தான்.

இனி சமையல். அயிலை அரைக் கிலோ. குடம்புளி மூன்று துண்டை வெந்நீரில் ஊறவையுங்கள். அரைமூடித் தேங்காய், இரண்டு தேக்கரண்டி நல்லமிளகு, ஐந்தாறு சின்ன உள்ளி, ஒரு துண்டு பச்சை மஞ்சள், இவற்றை அம்மியிலோ மிக்ஸியிலோ மையாக அரைக்க வேண்டும். மண்சட்டியில் அரைப்பையும் புளியையும் கலக்கி, உப்புப் போட்டு, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையை உருவிப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாடை போன பிறகு மீன். மீன் விழுந்த பின் கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுங்கள். பத்து நிமிடம் போதும். இறக்கியதும் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி, மரத்திலிருந்து அப்போதே ஒடித்த கறிவேப்பிலை ஒரு கொத்து, உடனே மூடி. கடையில் வாங்கி மூன்று நாள் குளிர்பெட்டியில் கிடந்த இலைக்கு அந்த மணம் வராது. கொடியில் பச்சை மிளகு இருந்தால் ஒரு சரத்தை நசுக்கிப் போடலாம். கொத்தமல்லித்தழை வேண்டாம், அது இந்தக் குழம்பின் வாசனையை அமுக்கிவிடும்.

நிறம் மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும். என் பேரன் முதலில் பார்த்துவிட்டு, "இது மீன்குழம்பா, ரசமா ஆச்சி?" என்றான். பிறகு சட்டியை வழித்தான், அது வேறு கதை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு வத்தல் ஆகாது என்று நம் வீடுகளில் மிளகு அரைத்துத்தான் குழம்பு வைக்கிறோம். அந்தப் பத்தியச் சட்டிதான் பழைய மீன்குழம்பு. ஏட்டில் எழுதாமல் கிழவிகள் கை மாற்றிக் கொடுத்து வந்தது. இப்போது பிரசவம் முடிந்த மூன்றாம் நாளே டப்பா உணவு வந்துவிடுகிறது, அரைக்கும் அளவு கேட்டால் சொல்ல ஆளில்லை. எங்கள் தெருவில் அளவு தெரிந்தவர்கள் இருவர்தான், இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் மிளகு போட்ட மீன்குழம்புக்கு என்ன பெயர்? எந்த மீன், எந்தப் புளி, எந்த இலை? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் போடுங்கள், நோட்டில் சேர்க்க வேண்டும்.