பழைய மர ஜன்னலை மாற்றினால் கரண்ட் பில் குறையுமா? மைசூரு வீடுகளுக்கு ஒரு கணக்கு

மைசூருவின் லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், சாமராஜபுரம் போன்ற பழைய பகுதிகளில் இன்னும் நிறைய வீடுகளில் மர ஜன்னல்தான். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகும், கோடையில் காய்ந்து இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாகக் காற்று, தூசி, கொசு எல்லாம் உள்ளே வரும். "இதையெல்லாம் எடுத்துட்டு யுபிவிசி ஜன்னல், டபுள் கிளாஸ் போடுங்க, கரண்ட் பில் பாதியாகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

உண்மையிலேயே அவ்வளவு மிச்சமாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது?

ஜன்னல் மாற்றும் அறிவுரை பெரும்பாலும் குளிர் நாடுகளில் இருந்து வருகிறது. அங்கே மாதக்கணக்கில் ஹீட்டர் ஓடும். வெளியே பூஜ்ஜியம் டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், ஜன்னல் இடுக்கு ஒவ்வொன்றும் பணத்தை வெளியே விடுகிறது என்று அர்த்தம்.

மைசூருவில் நிலைமை வேறு. ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை சராசரியாக 16 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஏப்ரல் பகலில் சராசரியாக 34, 35 டிகிரி வரை போகும். அதனால் இங்கே ஜன்னல் வழியாக வரும் வெயில்தான் முக்கியப் பிரச்னை. இடுக்கு வழியாக வரும் காற்று அதற்கு அடுத்ததுதான்.

இரண்டு எண்கள் போதும்

கண்ணாடி வாங்கும்போது இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூ வேல்யூ: வெளிக் காற்றின் சூடு கண்ணாடி வழியாக எவ்வளவு வேகமாக உள்ளே கடக்கிறது என்பதைக் காட்டும். குறைவாக இருந்தால் நல்லது.

எஸ்எச்ஜிசி: கண்ணாடி மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்டும். 0.8 என்றால் 80 சதவீதம் உள்ளே வந்துவிடும்.

குளிர் நாட்டில் முதல் எண் முக்கியம். மைசூருவில் இரண்டாவது எண்தான் முக்கியம்.

கணக்கு இதுதான்

மேற்கு பார்த்த 2 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னல். மாலை வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 35 டிகிரி, ஏசி ஓடும் அறைக்குள் 25 டிகிரி. அறைக்குள் வரும் வெப்பம் தோராயமாக:

• இப்போதுள்ள ஒற்றைக் கண்ணாடி (எஸ்எச்ஜிசி 0.82, யூ வேல்யூ 5.7): 934 வாட்
• சாதாரண டபுள் கிளாஸ் (0.7, 2.8): 756 வாட்
• வெயிலைத் தடுக்கும் லோ-இ பூச்சு கொண்ட டபுள் கிளாஸ் (0.35, 1.8): 386 வாட்
• பழைய கண்ணாடியே இருக்க, வெளியே முக்கால்வாசி வெயிலைத் தடுக்கும் மூங்கில் தட்டி: 319 வாட்

முதல் வரியில் உள்ள 934 வாட்டில், காற்றின் சூட்டால் வருவது வெறும் 114 வாட். மீதி 820 வாட்டும் நேரடி வெயில்.

இதை ரூபாயில் பார்ப்போம். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 3.5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும், தினமும் 4 மணி நேரம், 90 நாள் ஓடும், யூனிட் 6 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கோடைக்கு மிச்சமாகும் தொகை: சாதாரண டபுள் கிளாஸில் சுமார் 110 ரூபாய், லோ-இ கண்ணாடியில் சுமார் 340 ரூபாய், மூங்கில் தட்டியில் சுமார் 380 ரூபாய்.

ஒரு ஜன்னலுக்கு உங்களுக்கு வந்த கொட்டேஷனை 340-ஆல் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்துவிடும். வீட்டில் ஏசியே இல்லையென்றால் பில்லில் மிச்சம் எதுவும் இருக்காது, அறை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

கிருஹ ஜோதி இருந்தால்?

கர்நாடகாவில் 2023 ஜூலையில் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில், 2022-23ஆம் ஆண்டு சராசரி பயன்பாட்டுடன் 10 சதவீதம் கூடுதலாக, அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே பூஜ்ஜியம் பில் வருகிறது என்றால் ஜன்னல் மாற்றுவதால் பணம் மிச்சமாகாது. ஆனால் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். கோடையில் அந்த எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு, வெயிலைத் தடுப்பதில் மேலே சொன்னதைவிட அதிக லாபம் கிடைக்கலாம்.

எந்தத் திசைக்கு என்ன?

மைசூரு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.3 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதனால் கோடையில் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு மேலே ஒரு சன்ஷேடு இருந்தாலே பெரும்பாலும் போதும்.

கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை. சூரியன் தாழ்வாக இருப்பதால் வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்பு வேண்டும்: மூங்கில் தட்டி, மரம், கொடி எதுவானாலும் சரி, வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் பலன் குறைவு. கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்தாச்சு.

ஸ்லைடிங் ஜன்னலில் கவனிக்க வேண்டியது

பழைய மர ஜன்னல் கதவு போல முழுசாகத் திறக்கும். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதி மூடியே இருக்கும். அதாவது அதே அளவு ஜன்னலில் வரும் காற்று ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதிமுறை, பெங்களூரு இடம்பெறும் மிதமான தட்பவெப்ப மண்டலத்தில், திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. இது பெரிய மனைகளில் கட்டப்படும் புதிய குடியிருப்புகளுக்கானது. ஆனாலும் நம் அறைக்கு ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.5 சதுர மீட்டர் திறப்பு தேவை. 1.8 சதுர மீட்டர் மர ஜன்னல் இதைத் தாண்டிவிடும். அதே இடத்தில் ஸ்லைடிங் வைத்தால் 0.9 தான் கிடைக்கும். இரவுக் காற்றிலேயே வீட்டைக் குளிர வைக்கும் ஊரில் இது பெரிய இழப்பு.

சரி, அப்போ என்ன செய்யலாம்?

முதலில் மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல் கொடுங்கள். வாடகை வீடு என்றால் தட்டியைக் காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்து, ஏசி உள்ள அறையின் இடுக்குகளை அடையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரமாக ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை ஆடும் இடத்தில் ஃபோம் டேப் அல்லது ரப்பர் பீடிங் ஒட்டலாம். கதவு இறுகியிருந்தால் கார்பெண்டரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கேஸ் கீஸர் உள்ள குளியலறையிலும் சமையலறையிலும் வென்டிலேட்டரை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கே ஆபத்து.

சட்டம் உளுத்துப்போயிருந்தாலோ, கரையான் ஏறியிருந்தாலோ, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கினாலோ ஜன்னலை மாற்றத்தான் வேண்டும். மெயின் ரோட்டுச் சத்தம், தூசி தாங்க முடியவில்லை என்பதும் நியாயமான காரணமே. அப்படி மாற்றும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கண்ணாடியின் எஸ்எச்ஜிசி, அதன் யூ வேல்யூ, முழுசாகத் திறந்தால் எத்தனை சதுர அடி கிடைக்கும். முதல் எண் 0.7-க்குப் பக்கத்தில் இருந்தால், டபுள் கிளாஸ் என்ற பெயருக்காக மேற்கு ஜன்னலில் அதிகப் பணம் போட வேண்டாம்.